மிளகாயின் வால்

அந்தத் தெருவில் அவளுக்கு ‘வால் டாக்டர்’ என்று பெயர். யார் வைத்ததென்று தெரியாது. எதிர்ச்சாரியில் சலூன் வைத்திருப்பவர்தான் என்று அவளுக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடமாட்டார்கள்; கூப்பிட்டால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் இருக்கும். ஆனாலும் அந்தப் பெயரில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

கடை கீழே, வீடு மேலே. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மூன்று சுவரிலும் கண்ணாடித் தொட்டிகள். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். அவள் விற்பதெல்லாம் சண்டைக்கார மீன்கள். சாதுவான மீன் வேண்டுமென்றால் அடுத்த தெருவுக்குப் போங்கள் என்று அவளே அனுப்பிவிடுவாள். ஃபைட்டர் மீன்கள் வரிசையாகத் தனித்தனி ஜாடியில் இருக்கும். இரண்டு ஜாடிக்கு நடுவில் ஓர் அட்டை. அட்டை சரிந்தால் போச்சு. ஒன்றையொன்று பார்த்துச் செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் முட்டித் தீர்த்துவிடும். காலையில் கடை திறந்ததும் அவள் செய்கிற முதல் வேலை அட்டைகளைச் சரிபார்ப்பதுதான்.

இந்தத் தொழிலுக்கு வருமுன் இருபத்திரண்டு வருஷம் ஒரு தையல்கடையில் பழைய துணிகளைச் சரிசெய்து கொடுத்தவள் அவள். பாதி ஆயுசு கிழிசல் பார்த்தே போனது. துணியைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பது, இது கிழிந்ததா, அரித்ததா என்பதைத்தான். ஆணியில் மாட்டிக் கிழிந்ததென்றால் கவலையில்லை, இழுத்துப் பிடித்துத் தைத்துவிடலாம். பூச்சி அரித்ததென்றால் தெரிகிற ஓட்டை ஒன்று, தெரியாத ஓட்டை பத்து. பக்கத்தில் மடித்து வைத்த துணிக்கும் ஆபத்து. மீன் வாலுக்கும் இதே கேள்விதான் என்று கடை வைத்த முதல் மாதமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

யாராவது வால் சிதைந்த மீனைப் பையில் போட்டுக் கொண்டுவந்தால், அதை ஒரு வெள்ளை பேசினில் விட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். “ஒரே நாள்ல ஆச்சா, கொஞ்சங்கொஞ்சமா ஆச்சா?” என்பாள். பிறை மாதிரி ஒரு துண்டு ஒரே நாளில் காணாமல் போயிருந்தால் அது கடி. நெடுக்காகப் பிளந்திருந்தால் கல்லிலோ பிளாஸ்டிக் செடியிலோ மாட்டி இழுத்த கிழிசல். இரண்டுக்கும் நல்ல தண்ணீர் போதும், தானாக வளர்ந்துவிடும். ஓரம் கறுத்தோ வெளுத்தோ பஞ்சு ஒட்டின மாதிரியோ இருந்து, நாளுக்கு நாள் நூல் பிரிகிற மாதிரி உள்ளே போய்க்கொண்டிருந்தால் அது அழுகல் நோய். அது வாலின் அடியைத் தொட்டுவிட்டால் அப்புறம் நம் கையில் ஒன்றும் இல்லை.

“எங்க மீனுங்க சண்டையே போடாதுங்க” என்று யாராவது சொல்லிவிட்டால் தீர்ந்தது. “ஏன், ரெண்டும் சாமியாரா போயிடுச்சா?” என்பாள்.

சலூன்காரர் ஒருநாள் தன் ஃபைட்டரைச் சவரக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு ஓடிவந்தார். “அக்கா, இவன் தனியாத்தான் இருக்கான். கடிக்க யாருமே இல்லை. ஆனா வால் பாதியைக் காணோம். நோய்தானே?”

அவள் மீனைப் பார்த்தாள். சலூன்காரரை ஏற இறங்கப் பார்த்தாள். விறுவிறுவென்று தெருவைக் கடந்து போய் அவர் கடையையே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தாள்.

“ஏன் தம்பி, நாலு பக்கமும் கண்ணாடி மாட்டி நட்டநடுவுல இவனை வெச்சிருக்கியே, இவன் எத்தனை பேரோட மல்லுக்கட்டுவான்? எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிரி. எட்டிக் கடிக்கவும் முடியலை. அந்த ஆத்திரத்துல தன் வாலையே கடிச்சுக்கிட்டான். மருந்தும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். கண்ணாடி தெரியாத மூலையில கொண்டு வை.”

இரண்டே மாதத்தில் வால் வளர்ந்துவிட்டது. சலூனுக்கு முடிவெட்ட வந்தவர் போனவரிடமெல்லாம் அவர் இந்தக் கதையைச் சொன்னார். பெயர் பரவியது இப்படித்தான்.

இவ்வளவு கெட்டிக்காரி, தன் வீட்டு மாடியில் கோட்டை விட்டாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவள் வீட்டுக்காரர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசமாட்டார். இந்த அம்மா பேசுகிற பேச்சுக்கு வீட்டில் ஒருத்தராவது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாமா? ஆனால் கோடு போட உட்கார்ந்தால் அவரை அடிக்க ஆள் கிடையாது. கடை ஆரம்பித்த புதிதில், மீனின் வால் நேற்றைக்கு எவ்வளவு இருந்தது, இன்றைக்கு எவ்வளவு இருக்கிறது என்று அவள் மண்டையை உடைத்துக்கொண்டபோது, அவர்தான் ஒரு வழி சொன்னார். பேனா மூடியைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோனால் ஃபைட்டர் சண்டைக்கு வரும். வந்து வாலை முழுசாக விரித்து நாலைந்து நொடி நிற்கும். அதற்குள் தொட்டிமேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பிடித்து, வாலின் ஓரத்தை ஸ்கெட்ச் பேனாவால் ஒரே இழுப்பில் வரைந்துவிடுவார். மூலையில் கிழமையின் முதலெழுத்து. நாலு நாள் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் போதும். கோடு ஒரே தாவாகத் தாவியிருந்தால் கடி. நாளுக்கு ஒரு மயிரிழையாக நகர்ந்திருந்தால் நோய். வால் டாக்டர் என்ற பேரில் பாதி அவருக்குச் சேர வேண்டியது. அவர் கேட்டதில்லை, அவள் கொடுத்ததுமில்லை.

நாலு மாதத்துக்கு முன் ஒரு காலையில், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த மனுஷர் அப்படியே சரிந்தார். ஸ்ட்ரோக். வலது கை போச்சு, பேச்சு பாதி போச்சு. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். “கை திரும்ப வரும், ஆனா அவரேதான் செய்யணும்” என்பது ஒன்று. “மறுபடி வராம பார்த்துக்கங்க” என்பது இன்னொன்று. அவள் காதில் இரண்டாவது மட்டும்தான் விழுந்தது.

அன்றிலிருந்து அவரை ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட விடவில்லை. தம்ளரை நோக்கிக் கை நகர்ந்தால் தம்ளர் வாய்க்கு வந்துவிடும். அவர் ஒரு வார்த்தையை ஆரம்பித்தால் அவள் முடித்துவிடுவாள். “த…” என்பார். தண்ணீர் வந்துவிடும். அவர் கேட்க வந்தது தலையணையாக இருக்கும். வந்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். அன்பில்லாமல் செய்தாளா? அவள் அன்பு கொஞ்சம் முரட்டு அன்பு, அவ்வளவுதான்.

பொழுது போகட்டுமே என்று கடையிலிருந்து ஒரு சிவப்பு ஃபைட்டரை எடுத்துவந்து, கட்டிலுக்கு அருகே மேஜைமேல் சின்னத் தொட்டியில் விட்டாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் காலை, வாய் கோணி, நெற்றி வியர்த்து, “மி… ள… காய்” என்றார். நோயில் விழுந்தபிறகு அவர் முழுசாகச் சொன்ன முதல் வார்த்தை அது. அவள் சமையலறைக்குப் போய் அடுப்படியில் நின்று அழுதுவிட்டு வந்தாள். மிளகாய்க்குக் காலையில் மூன்று குருணைத் தீனி போடுவதற்காகவே அவர் எழுந்து உட்கார ஆரம்பித்தார். இந்த ஒரு வேலையை மட்டும் எப்படியோ அவள் பிடுங்கிக்கொள்ளவில்லை.

அந்த மிளகாயின் வால்தான் சிதைய ஆரம்பித்தது.

கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பிசியோ பெண் வாரத்தில் மூன்று நாள் வருவாள்: திங்கள், புதன், வெள்ளி, சாயங்காலம் நாலு மணிக்கு. கெட்டிக்காரப் பெண், கண்டிப்பானவள். மூன்று வாரத்துக்கு முன் பையில் ஒரு நீளக் கண்ணாடியைக் கொண்டுவந்தாள். அதை மேஜையில் நிறுத்தி வலது கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து, இடது கையை முன்னால் அசைக்கச் சொல்வாள். கண்ணாடியில் பார்த்தால் வலது கையே அசைகிற மாதிரி இருக்கும். மூளை அதை நம்பி, மெல்ல மெல்லக் கையை எழுப்பும் என்று விளக்கினாள். முதல் நாளே வீட்டம்மா குறுக்கே விழுந்து வலது கையைத் தூக்கிவிடப் போக, “அம்மா, நீங்க கீழே கடையைப் பாருங்க. ஒரு மணி நேரம் மேலே வரக் கூடாது” என்று அனுப்பிவிட்டாள். வால் டாக்டரையே விரட்டினவள் அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான்.

நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். சலூன்காரருக்குச் சொன்னவளுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் பயந்த கண்ணுக்கு எல்லாமே நோயாகத்தான் தெரியும் போலிருக்கிறது. வாலில் ஒரு துண்டு குறைந்ததைப் பார்த்தாள், அவ்வளவுதான். ஒரு நாள் பொறுக்கவில்லை, வெள்ளை பேசினை எடுக்கவில்லை. தனியாக இருக்கிறவனை யார் கடிக்கப்போகிறார்கள், அழுகல்தான் என்று முடிவுகட்டி, நீல மருந்தைக் கொட்டினாள். உப்பு போட்டாள். தினமும் தண்ணீரை மாற்றி மறுபடி மருந்து விட்டாள். தண்ணீர் நீலமாகிப்போனது. அந்த நீலத்தில் வாலின் ஓரம் கறுப்பாகத் தெரிந்தது. கறுத்த ஓரம் என்றால் நோய் என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தவள் அல்லவா, மருந்தை இன்னும் இரண்டு சொட்டு கூட்டினாள்.

வால் நிற்கவில்லை. குறைந்துகொண்டே வந்தது. மூன்றாவது வாரம் அடியைத் தொட இன்னும் ஒரு அரிசி அகலம்தான் பாக்கி. அடியைத் தொட்டபிறகு மீனைத் துடிக்க விடுவது அவளுக்குப் பிடிக்காது. கிராம்பு எண்ணெயில் ஒரேயடியாகத் தூங்க வைத்துவிடுவாள். கடையில் அப்படித்தான் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை என்று மனசுக்குள் நாள் குறித்தாள். எண்ணெய்ப் புட்டியை எடுத்துக் கடை அலமாரியில் வைத்தாள். மீன் போனால் அவர் நாளைக்கு எதற்காக எழுந்து உட்காருவார்? அவளுக்கு வேறு எந்தக் கவலையும் இல்லை, இது ஒன்றுதான்.

சனிக்கிழமை மத்தியானம் அவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுச் சொன்னாள். “என்னங்க, நாளைக்கு இவனைக் கீழே எடுத்துட்டுப் போறேன். வேற ஒண்ணு கொண்டாறேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “வே…”

“ஆமா, வேறதான். இதே மாதிரி சிவப்பா கொண்டாறேன்.”

“வே…”

“கொண்டாறேன்னு சொல்றேனே!”

அவர் இடது கையால் கட்டிலைப் பளாரென்று அடித்தார். முப்பத்தோரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் எதையும் அடித்து அவள் பார்த்ததில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

“வே… ண்… டாம்” என்றார் அவர். முடித்துவிட்டு மூச்சு வாங்கினார்.

பிறகு உடம்பைத் திருப்பி, தலையணைக்கு அடியில் வலது கையை நுழைத்தார். அது போய்ச் சேரவே நேரம் பிடித்தது. விரல்கள் எதையோ பிடித்தன, நழுவவிட்டன, மறுபடி பிடித்தன. அவள் உதவிக்குக் குனிந்தாள். அவர் பார்த்த பார்வையில் நிமிர்ந்துவிட்டாள். ஒரு கத்தை பிளாஸ்டிக் தாள் வெளியே வந்தது. அதை அவளிடம் நீட்டினார்.

பதினேழு தாள். எல்லாவற்றிலும் மிளகாயின் வால். அவள் கீழே கடையைத் திறந்து அட்டைகளைச் சரிபார்க்கிற நேரத்தில், மேலே இவர் தினமும் பேனா மூடியைக் காட்டி மீனைச் சண்டைக்கு இழுத்து, மேஜை இழுப்பறையில் கிடந்த தாளை இடது கையால் பிடித்து, வலது கையால் வரைந்திருக்கிறார்.

“நீ… பாரு” என்றார்.

தாள்களைச் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கோணல்மாணலான கோடுகள்தான். ஆனாலும் ஒன்றும் சந்தேகப்பட இடமில்லை. ஞாயிறு, திங்கள் கோடு ஒரே இடத்தில். செவ்வாய்க்கிழமை ஒரே தாவாக உள்ளே. புதன் நகரவில்லை. வியாழன் ஒரு தாவு. வெள்ளி நகரவில்லை. சனி ஒரு தாவு. அடுத்த வாரமும் அதேபோல். நோய்க்குக் கிழமை தெரியாதே! செவ்வாய், வியாழன், சனி என்று நாள் பார்த்தா அரிக்கும்? இது கடி. முதல்நாள் சாயங்காலம் நடந்த கடி. திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் இந்த அறையில் என்ன நடக்கிறது?

அவள் மேஜையைப் பார்த்தாள். கண்ணாடியை எங்கே நிறுத்த வேண்டுமென்று பிசியோ பெண் வெள்ளை டேப் ஒட்டி அடையாளம் வைத்திருந்தாள். தொட்டியிலிருந்து ஒரு சாண். தினமும் அந்த டேப்பைச் சுற்றித் துடைத்தவள் இவள்தான். ஓடிப்போய்த் தன் முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்துவந்து டேப்மேல் நிறுத்தினாள். மிளகாய் செவுளை விரித்துக்கொண்டு பாய்ந்தான். முட்டினான், சுழன்றான், சுழன்றவன் தன் வாலையே எட்டப் பார்த்தான்.

“ஐயோ, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்!” என்று கண்ணாடியைப் பிடுங்கிக் கட்டில்மேல் கவிழ்த்தாள். வெள்ளை பேசினில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து மீனை விட்டாள். பிறை பிறையாகக் கடி, மிளகாயின் வாய் அளவுக்கே. ஓரத்துக் கறுப்பு அவள் ஊற்றின மருந்து ஏறின கறை. நோயே கிடையாது. மூன்று வாரமாக, நன்றாயிருந்த மீனை மருந்தில் ஊறப்போட்டிருக்கிறாள். “ஊருக்கெல்லாம் சொன்னேனே, சலூன்காரன் கேட்டா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி சிரிப்பானே” என்று ஒரே புலம்பல். அவருக்குச் சிரிப்பு வந்தது. கோணின வாயோடு, சத்தம் வராமல், தோள் குலுங்கச் சிரித்தார்.

தொட்டியைக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி, மேஜையின் அந்தக் கோடிக்கு மாற்றி, டேப் இருக்கிற பக்கம் கடையிலிருந்து ஓர் அட்டையைக் கொண்டுவந்து நிறுத்தினாள். பிறகுதான் அவளுக்கு உட்காரத் தோன்றியது. தாள்களைக் கிழமைப்படி அடுக்கிக் கோப்பில் வைக்கலாமென்று எடுத்தாள்.

முதல் தாளில் ‘வி’ என்ற எழுத்தே எழுத்தாக இல்லை. வால் எது, கை நடுங்கின கிறுக்கல் எது என்று பிரிக்க முடியவில்லை. நாலாவது தாளில் ‘ஞா’வின் கால் மட்டும் அடையாளம் தெரிந்தது. எட்டாவதில் கோடு பேனாவை எடுக்காமல் பாதி தூரம் வந்திருந்தது. பன்னிரண்டாவதில் முக்கால் தூரம். இன்றைக்குக் காலையில் போட்ட பதினேழாவது தாளை அவள் கண்ணருகே கொண்டுபோனாள். ஒரே இழுப்பு. இரண்டு இடத்தில்தான் நடுக்கம். மூலையில் ‘ச’ என்று பளிச்சென்று இருந்தது.

மீன் வால் குறையக் குறைய, கோடு தேறிக்கொண்டே வந்திருக்கிறது. தட்டும் தம்ளருமாக அவள் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த அதே மூன்று வாரம். இவர் கையிலும் நோயை மட்டும்தான் அவள் பார்த்திருந்தாள்.

“ஏங்க எங்கிட்டக் காட்டலை?” என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். “கோ…” என்று நின்றார்.

அவளுக்கு நாக்கு நுனியில் நாலைந்து வார்த்தை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். தெருவில் ஒரு வண்டி வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போனது. அவள் காத்திருந்தாள்.

“கோடு… நேரா… வரட்டும்னு” என்றார்.

அவள் அந்த வலது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். எழுந்து சமையலறைக்குப் போகவில்லை; அவர் முன்னாலேயே அழுதாள்.

கிராம்பு எண்ணெயை யாரும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கடையைத் திறக்காமல், பதினெட்டாவது தாளை எடுத்துத் தொட்டிமேல் தானே ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். மிளகாய் ஓர் ஓரமாக நின்று முறைத்தான். அவர் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றப் பார்த்தார். வரவில்லை. விரலை மாற்றிப் பிடித்தார். வரவில்லை. அவள் கை தானாகக் கிளம்பியது. கிளம்பின கையை இழுத்து மடியில் போட்டு, அதன்மேலேயே உட்காராத குறையாக அடக்கிவைத்தாள். கீழே யாரோ கடைக் கதவைத் தட்டினார்கள். சலூன்காரர் குரல் “அக்கா, திறக்கலையா?” என்றது.

“வேலையா இருக்கேன், அப்புறம் வா!” என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

மூடி கழல நாலு நிமிஷம் ஆனது.